பேஸ்மென்ட் அடுப்பின் நேரம்

வீட்டின் மின்சார மெயின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ரெண்டு இடம் வெறுமையாக் கிடக்குது, தாராளமாப் போடலாம்" என்று வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுக்கிற எலெக்ட்ரீஷியன் இளசுகளே, உங்களோடுதான் எனக்குக் கதை இருக்கிறது. பெட்டியில் இடம் இருப்பது வேறு, வீட்டில் மின்சாரம் மிச்சம் இருப்பது வேறு. மேசையில் இன்னொரு தட்டு வைக்க இடம் இருக்கிறது என்பதற்காகச் சட்டியில் சோறு கூடிவிடாது. இதை எத்தனை தரம் சொன்னாலும் உங்களில் பாதிப் பேர் வெற்றிடத்தைக் கண்டவுடன் துள்ளுகிறீர்கள். நானும் துள்ளியவன்தான்.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. முழங்கால் இரண்டும் எனக்கு முன்னரே ஓய்வு பெற்றுவிட்டன. முப்பத்தொரு வருடம் கனடாவின் மொன்றியலில் வீடு வீடாகப் போய், சுவரோரச் சூடாக்கிகள், அடுப்பு, வெந்நீர்த் தாங்கி, உடுப்புக் காயவைக்கும் மெஷின் எல்லாவற்றையும் கூட்டி, இந்த வீடு இன்னும் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டவன் நான். அந்தக் கணக்கை உங்களுக்கு ஏற்கனவே படிப்பித்திருப்பார்கள், நான் திரும்பப் படிப்பிக்க வரவில்லை. என் கூட்டல் பிழைத்ததில்லை. கூட்டல் சரியாக வந்த ஒரு நாளில் நான் விட்ட பிழையைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் ஒன்று. எங்கள் ஆட்களின் வீட்டில் கணக்குப் போடுவது தனி வித்தை. மேலே ஒரு குசினி இருக்கும், நிலத்தடியில், பேஸ்மென்டில் இன்னொரு குசினி இருக்கும். மேலே உள்ளது வருகிறவர்கள் பார்க்க, கீழே உள்ளது மீன் பொரிக்கவும் கருவாடு வதக்கவும். அனுமதி எடுக்காமல் வைத்த அடுப்பு என்றால் எலெக்ட்ரீஷியனிடமும் மறைப்பார்கள். லாசால் பகுதியில் ஒரு வீட்டுக்காரர், கீழே அடுப்பே இல்லை என்று பிள்ளையார் மேல் சத்தியம் செய்துகொண்டு நிற்க, அவர் மனைவி பேஸ்மென்ட் படியால் வடைத் தட்டோடு ஏறி வந்தார். வடை நல்ல சூடு. இரண்டைச் சாப்பிட்டுவிட்டுக் கணக்கில் இன்னொரு அடுப்பைச் சேர்த்துக்கொண்டேன். அதன் பிறகு இரண்டாவது அடுப்பை மோப்பம் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று வேலையிடத்தில் பெயர் வந்தது. எங்கள் சனத்தின் வீடு எனக்குத் தெரியாதா என்ற மிதப்பும் கூடவே வந்தது.

இனிக் கதைக்கு வருகிறேன். வேலையில் இருந்த கடைசி வருடம், நவம்பர் நடுப்பகுதி, ஒரு செவ்வாய்க்கிழமை. பியர்பொன்ட்ஸ் பகுதியில் ஒரு வரிசை வீடு. வீட்டுக்காரன் நிரோஷன், முப்பது வயதுப் பையன், வீட்டிலிருந்தபடியே கணினி வேலை செய்பவன். புதிதாக மின்சாரக் கார் வாங்கியிருந்தான். அதற்குச் சார்ஜர் பூட்ட வேண்டும். மனைவிக்கு முதற் பிள்ளை, மூன்று மாதம், எந்த வாசனையும் பிடிக்காத காலம். தாய் புஷ்பமக்காவும் அவர்களோடுதான் இருந்தார். அவர் லாசாலில் பாண் சுடும் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் வேலை. விடிய முன் பஸ் எடுத்தால் பின்னேரம்தான் வீடு. அதனால் நான் போன நேரம் அவர் அங்கே இல்லை.

கூட்டிப் பார்த்தேன். சார்ஜரைச் சேர்த்தால் வீடு தாங்கும் அளவைக் கொஞ்சத்தால் தாண்டியது. பெட்டியிலும் இடம் இல்லை. பேஸ்மென்டில் நின்ற பழைய வெள்ளை அடுப்பைக் கணக்கிலிருந்து எடுத்தால் எல்லாம் அளவாக அடங்கும், பெட்டியில் அதன் இடமும் கிடைக்கும். அந்த அடுப்பைப் பற்றி நிரோஷனிடம் கேட்டேன்.

"அதை ஒருத்தரும் யூஸ் பண்றேல்ல அங்கிள். நாங்கள் வீடு வாங்கேக்கையே நிண்ட அடுப்பு" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நானோ கெட்டிக்காரன் அல்லவா, அவன் சொல்லை நம்பாமல் நானே போய்ப் பார்த்தேன். அடுப்பு துடைத்துவிட்ட வெண்கலம் போல இருந்தது. சட்டி பானை இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. அடுப்பின் கடிகாரம் 8:45 என்று காட்டியது. என் கைக்கடிகாரத்தில் காலை பத்தேகால். எப்போதோ மின்சாரம் போய் வந்திருக்கிறது, யாரும் நேரத்தைச் சரிசெய்யவில்லை, அது தன்பாட்டில் பிழையாக ஓடுகிறது என்று தீர்ப்புச் சொன்னேன். நேரம்கூட வைக்காத அடுப்பில் யார் சமைக்கப்போகிறார்கள்? அதுதான் என் துப்பறிவு.

வேறு வழியும் இருந்தது. வீடு முழுவதும் இழுக்கும் மின்சாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, அது எல்லையை நெருங்கினால் காருக்குப் போவதை மட்டும் நிறுத்திவைக்கும் கருவி ஒன்று உண்டு. நீங்கள் இப்போது வீட்டுக்கு வீடு பூட்டுகிறீர்கள். அதை வரவழைக்க ஒரு வாரம் ஆகும். அடுப்பைக் கழற்றினால் அன்றைக்கே வேலை முடியும். நான் அன்றைக்கே முடித்தேன். அடுப்பின் பிரேக்கரைக் கழற்றி, வயர் முனைகளை மூடி, அந்த இடத்தில் சார்ஜரின் பிரேக்கரைப் போட்டேன். போகும்போது நிரோஷனுக்குப் பெரிய மனிதத் தோரணையில் புத்தியும் சொன்னேன். இனிமேல் பேஸ்மென்டில் பெரிதாக ஒன்றும் கரண்டில் கொழுவக் கூடாது, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று. பிள்ளை சொன்னதைச் செய்தான். எல்லோருக்கும் சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு வந்த மூன்றாவது ஞாயிறு. காலை ஆறரைக்கு நிரோஷன் போன் எடுத்தான். கார் இரவு முழுவதும் சார்ஜ் ஏறவில்லை. பத்து மணிக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு டொராண்டோவில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும், ஆட்களெல்லாம் வந்து காத்திருப்பார்கள். நான் பூட்டியதை நான்தான் பார்க்க வேண்டும். ஏழேகாலுக்கு அங்கே நின்றேன். அவன் கதவைத் திறந்துவிட்டு மேலே பயணப் பெட்டி அடுக்கப் போனான். மெயின் பெட்டி பேஸ்மென்டில் இருந்தபடியால் நான் கீழே இறங்கினேன்.

படியின் பாதியில் நின்றுவிட்டேன்.

புஷ்பமக்கா அந்த வெள்ளை அடுப்பின் முன் நின்றார். மா டின் ஒன்றில் போன் சாய்த்து வைத்திருந்தது. போனுக்குள் இன்னொரு குசினி தெரிந்தது. கரி படிந்த சுவர், ஒரு பக்கத்தில் சோற்றுப் பானை கொதிக்கிறது, மறுபக்கத்துக் கறிச்சட்டியை வயதான ஓர் அம்மா கிண்டுகிறார். இருவருக்கும் ஒரே மூக்கு. புஷ்பமக்காவின் அடுப்பில் ஒரு மண்சட்டி. அதற்குள் பச்சைத் தண்ணீர். அடுப்பு செத்துக் கிடந்தது, அதைக் கொன்றவன் நான். அந்தக் குளிர்ந்த தண்ணீரை அவர் அகப்பையால் கிண்டிக்கொண்டு நின்றார்.

"உப்புப் பாத்தியா புள்ள?" என்று போனிலிருந்து கேட்டது.

புஷ்பமக்கா அகப்பையைத் தூக்கி ஊதினார். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். "காணும் அக்கா. புளிதான் இன்னும் கொஞ்சம் விடோணும்" என்றார்.

பிறகுதான் என்னைக் கண்டார். விரலை உதட்டில் வைத்தார். முகத்தில் திருடிப் பிடிபட்டவரின் வெட்கம். போனை அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து மெல்லிய குரலில் கதைத்தார்.

போனில் இருந்தது அவருடைய தமக்கை. மட்டக்களப்பில் தனியாக இருக்கிறார். கணவர் போனபின் சமைப்பதை விட்டுவிட்டாராம். தேநீரும் பிஸ்கட்டும்தான் சாப்பாடு, பக்கத்து வீட்டார் எதையாவது கொடுத்தால் அதையும் பூனைக்கு வைப்பாராம். இங்கே கூப்பிட இரண்டு முறை விசாவுக்குப் போட்டும் மறுத்துவிட்டார்கள். அதனால் புஷ்பமக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிறு தோறும் அங்கே பின்னேரம் ஐந்தரைக்கு இருவரும் சேர்ந்து உலை வைப்பார்கள். இங்கே காலை ஏழு மணி. ஒரே கறி, ஒரே பக்குவம், வாய் ஓயாத கதை. தமக்கை சமைக்கும் அந்த ஒரு சட்டி அவருக்குப் புதன்கிழமை வரை போகும். மேலே சமைத்தால் மருமகளுக்கு மீன் வாசம் வயிற்றைப் புரட்டும், மகனும் பத்து மணிவரை தூங்குவான். கீழே கதவைப் பூட்டிக்கொண்டு சமைத்து, அடுப்பைத் துடைத்துவிட்டு, கறியை வேலைக்குக் கொண்டுபோகச் சாப்பாட்டுப் பெட்டிகளில் போட்டுவிடுவார். வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் அவருக்கு வரவில்லை.

"அவ தனக்கெண்டு ஒரு சுண்டு அரிசி போடமாட்டா தம்பி. நான் சமைச்சாத்தான் அவவும் சமைப்பா" என்றார்.

ஏன் மகனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கார் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கியது என்றார். கீழே ஒன்றும் கொழுவக் கூடாது, மின்சாரம் காணாது என்று எலெக்ட்ரீஷியன் அங்கிள் சொன்னாராம் என்றார். அந்த அங்கிள் நான்தான் என்பது அவருக்குத் தெரியாததல்ல. என்னைக் குறை சொல்லாமல் சொன்னார், அது இன்னும் சுட்டது.

அப்போதுதான் அடுப்பின் கடிகாரத்தைப் பார்த்தேன். கறுத்துப்போய் இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை என் கண்முன் வந்தது. இங்கே பத்தேகால், அடுப்பில் எட்டே முக்கால். நீங்களே கூட்டிப் பாருங்கள். காலை பத்தேகாலோடு பத்தரை மணித்தியாலம் கூட்டினால் இரவு எட்டே முக்கால். கடிகாரம் பிழையாக ஓடவில்லை. அது மட்டக்களப்பு நேரத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. மேல்வீட்டுக் கடிகாரங்களைக் குளிர்காலத்துக்கும் கோடைக்குமாக நவம்பரிலும் மார்ச்சிலும் ஒரு மணி திருப்ப வேண்டும். ஊர் நேரத்தை ஒருமுறை வைத்தால் திருப்பவே வேண்டியதில்லை.

ஊர் நேரத்துக்கே உரிய அந்தப் பத்தரையின் அரை மணியை ஒரு பிரெஞ்சு எலெக்ட்ரீஷியன் கவனிக்காமல் விட்டிருந்தால் மன்னிக்கலாம். நான் எப்படி விட்டேன்? இருபத்தேழு வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் திருகோணமலையில் இருந்த என் அண்ணைக்குப் போன் எடுத்தவன் நான். குளிர்காலத்தில் இரவு எட்டரைக்கு, கோடையில் ஒன்பதரைக்கு. அங்கே ஞாயிறு காலை ஏழு மணி. அண்ணை தேத்தண்ணியோடு போனுக்குப் பக்கத்தில் இருப்பார், முதல் மணி முழுதாக அடிக்க விடமாட்டார். அதற்கு முந்திய வருடம் அவர் போய்விட்டார். அதன் பிறகு அந்த அரை மணியால் எனக்கு அலுவல் இல்லை. சனி இரவு எட்டரை ஆனால் கடிகாரம் இருக்கும் பக்கம் திரும்பாமல் பழகியிருந்தேன். பழகிப் பழகி, அது கண்முன்னே பச்சை வெளிச்சத்தில் எரிந்தபோதும் என் கண் வாசிக்கவில்லை. அந்தப் படியடியில் எனக்கு அழுகை வந்தது. சொல்ல வெட்கமில்லை.

ஆனால் அழ நேரமில்லை. மேலே நிரோஷன் நடக்கும் சத்தம் கேட்டது. பத்து மணிக்குள் கார் ஓரளவாவது ஏற வேண்டும். போனுக்குள் தமக்கையின் கறி கொதிக்கத் தொடங்கிவிட்டது, இன்னும் முக்கால் மணியில் அவர் அடுப்பை அணைத்துவிடுவார். பெட்டியில் இடம் ஒன்று. சார்ஜரைச் சரிசெய்வதா, அடுப்பைத் திரும்பக் கொடுப்பதா? தொழில்முறைப்படி யார் என்னை அழைத்தாரோ அவருடைய வேலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தந்திருப்பேன். அன்று நான் அதைச் செய்யவில்லை. கழற்றிய பிரேக்கரை எறியாமல் என் வான் வண்டியில் போட்டு வைத்திருந்தேன், பழைய ஆட்களின் கஞ்சத்தனம் சில நாள் கைகொடுக்கும். ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

மெயினை நிறுத்தாமல் பெட்டியில் கை வைக்க முடியாது. நிறுத்தினால் வீட்டு இன்டர்நெட்டும் போய்விடும், போன் துண்டிக்கப்படும். அதைப் புஷ்பமக்காவிடம் சொன்னேன். அவர் போனைத் திருப்பி, கரண்ட் கொஞ்ச நேரம் போகப்போகிறது, வந்ததும் எடுக்கிறேன் என்றார்.

தமக்கை சிரித்தார். "கனடாவிலயும் கரண்ட் போகுமாகா?" என்றார்.

வீடு இருண்டது. நிரோஷன் போன் வெளிச்சத்தோடு படியில் இறங்கி வந்தான், கொஞ்சம் சூடாகத்தான் வந்தான். கார் ஏறாததற்கு வீட்டையே ஏன் அணைத்தீர்கள் என்று கேட்டான். நான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சார்ஜரின் பிரேக்கரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அதை எடுத்துவிட்டுச் சொன்னேன்:

"தம்பி, காரை விடும். அம்மா மூண்டு ஞாயிறா இதில பச்சைத் தண்ணி காய்ச்சுறா."

அவனுக்கு விளங்கவில்லை. நான் சுருக்கமாகச் சொன்னேன். அவன் வெளிச்சத்தைத் தாயின் பக்கம் திருப்பினான். அவர் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்ட தாய்மாதிரி ஓரமாக நின்றார். அவன் திரும்பி மேலே போனான். கோபித்துக்கொண்டு போகிறான் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்த மீன் பை இருந்தது. அதைத் தாயிடம் கொடுத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து பெட்டிக்கு வெளிச்சம் பிடித்தான்.

"நாங்கள் வழியில சார்ஜ் ஏத்துறம் அங்கிள்" என்றான்.

இருபது நிமிடத்தில் மெயினைத் திரும்ப மேலே தள்ளினேன். அடுப்பின் சுருள் மெல்லச் சிவந்தது. புஷ்பமக்கா அதற்கு மேல் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தார், பிறகு மளமளவென்று தண்ணீரைக் கொட்டி, எண்ணெய் விட்டு, வெங்காயம் போட்டு, புளி கரைத்து, மீனை இறக்கினார். அதற்கிடையில் போனையும் எடுத்துவிட்டார். தமக்கை தன் சட்டியை இறக்காமல் காத்திருந்தார். கறி கொதிக்கத் தொடங்கியபோது எழுந்த ஆவி போன் கண்ணாடியில் படிந்தது. புஷ்பமக்கா சேலைத் தலைப்பால் துடைத்தார்.

பிறகு தமக்கை சொன்னார்: "இப்பதான் புள்ள உன்ட சட்டியில ஆவி பறக்குது. மூணு ஞாயிறாப் பறக்கல்ல. என்ன கஷ்டமோ எண்டு கேக்காம இருந்தன். நான் சமைக்காட்டி நீ அங்க பட்டினி கிடப்பாயெண்டுதான் நானும் சமைச்சன்."

புஷ்பமக்கா அகப்பையைச் சட்டியில் வைத்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நிரோஷன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த வாரம் அந்தக் கருவி வந்தது. அன்றிரவு காரை ஏறவிடாமல் செய்த சார்ஜரின் பழுதுப் பிரேக்கரையும் மாற்றினேன். கூடுதலாக இரண்டு பிரேக்கருக்கு இடம் கிடைக்கப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியும் பூட்டினேன். இப்போது ஞாயிறு காலையில் வீடு நிறைய இழுத்தால் கார் பொறுத்திருக்கிறது. அடுப்பு காயும், மீன் வேகும், பிறகு கார் தன் பங்கை வாங்கிக்கொள்ளும். அந்த ஒரு வாரத்தை மிச்சம் பிடிக்கப் போய் நான் மூன்று ஞாயிறுகளைத் தின்றேன். ஆகவே பிள்ளைகளே, வீட்டில் மிச்சம் எவ்வளவு என்று முடிவுகட்டுவதற்கு முன், நீங்கள் போன நேரத்தில் வீட்டில் இல்லாத ஆளிடமும் கேளுங்கள். கதவு திறந்துவிட்ட ஆளுக்கு வீட்டில் பாதிதான் தெரியும்.

அன்று காலை கிளம்புமுன் ஒரு வேலை மிச்சம் இருந்தது. மின்சாரம் வந்ததிலிருந்து அடுப்பின் கடிகாரம் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று மின்னிக்கொண்டிருந்தது. புஷ்பமக்கா கறியில் கண்ணாக இருந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், எட்டுப் பத்து. யாரிடமும் கேட்கவில்லை. விரல் தானாகப் பத்தரையைக் கூட்டியது, இருபத்தேழு வருடம் செய்த கூட்டல் அவ்வளவு இலேசில் மறக்காது. 6:40 என்று வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திருகோணமலையிலும் அப்போது அதே நேரம்தான்.